துண்டுக்குள் வந்த ஆர்டர்

போன வாரம் ஏழுமலை போன் செய்தார். நான் வேலை பார்த்த கள்ளக்குறிச்சிக் கிளைக்கு இப்போது அவர்தான் மேலாளர். அங்கே சும்மா கிடக்கும் குரல் பதிவு இயந்திரத்தைக் கழற்றப்போகிறார்களாம். வாடிக்கையாளர்கள் எல்லாரும் செல்போன் செயலியிலேயே வாங்கி விற்கிறார்கள். யார், எந்த நொடியில், எந்தப் போனிலிருந்து என்பதெல்லாம் தானாகவே பதிவாகிவிடுகிறது.

"இதுல இருக்கற பேச்சையெல்லாம் அழிச்சிடலாமா சார்? வச்சிருக்க வேண்டிய காலம் முடிஞ்சிட்டுது" என்று கேட்டார்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. நிலுவையில் புகார் ஏதாவது இருக்கிறதா, எந்த வழக்கிலாவது கேட்டிருக்கிறார்களா, தலைமை அலுவலகம் எழுத்தில் அனுமதி கொடுத்ததா, காலம் முடிந்தது என்று எந்தத் தேதியிலிருந்து எண்ணினார்கள் என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் சிரித்தார்.

"நீங்க ரிட்டையர் ஆனீங்களா இல்லியான்னே தெரியல சார்."

புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர், ஒரு போன் பேச்சைப் பதிவு செய்து வைப்பதற்கு அந்தக் காலத்தில் இத்தனை பாடா என்று கேட்கிறார்களாம். நான் ஏதாவது எழுதிக் கொடுத்தால் அவர்களிடம் காட்டுவேன் என்றார். எழுதுகிறேன். இதில் அவரும் வருகிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வணிகவியல் படித்தேன். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு எடைச் சீட்டுகளைச் சரிபார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். வண்டி உள்ளே வந்த எடைக்கும் வெளியே போன எடைக்கும் உள்ள வித்தியாசம் சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பார்த்து, எதைக் கண்டாலும் எண்ணும் பழக்கம் வந்துவிட்டது. பேருந்தில் ஏறினால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுவேன். என் மனைவி இதை ஒரு வியாதி என்பாள். பிறகு சரக்கு முன்பேர வணிகத் தரகு நிறுவனம் ஒன்று கள்ளக்குறிச்சியில் கிளை திறந்தபோது, அந்த வியாதியையே தகுதியாக எடுத்துக்கொண்டு என்னைப் பதிவேடுகளுக்குப் பொறுப்பாளனாகப் போட்டார்கள்.

முன்பேர வணிகம் என்றால், சில மாதம் கழித்துக் கைமாற வேண்டிய மஞ்சளுக்கோ மக்காச்சோளத்துக்கோ இன்றே விலை பேசி முடித்துக்கொள்வது. கிடங்கில் மஞ்சள் வைத்திருப்பவர், விலை விழுந்துவிடுமோ என்ற பயத்தில் சந்தையில் முன்கூட்டியே விற்று வைப்பார். விலை விழுந்தால் கிடங்கில் போனது சந்தையில் வரும். ஏறினால் சந்தையில் போனது கிடங்கில் வரும். எல்லாம் கணினித் திரையில் நடக்கிறது. அதனால்தான் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு விதி வைத்திருந்தது. வாடிக்கையாளர் சொன்னார் என்பதற்கு ஆதாரம் இல்லாமல் எந்த ஆர்டரையும் சந்தைக்கு அனுப்பக் கூடாது. அவர் கையெழுத்திட்ட சீட்டு இருக்க வேண்டும், அல்லது பதிவான குரல் இருக்க வேண்டும். ஆதாரம் ஆர்டருக்கு முன்னால் உண்டானதாக இருக்க வேண்டும். இதில் 'முன்னால்' என்ற சொல்தான் முக்கியம். அது எனக்கே முழுதாகப் புரிந்தது பின்னால்தான்.

காலையில் நான் செய்யும் முதல் வேலை, பதிவு இயந்திரத்தின் கடிகாரத்தைச் சந்தைக் கணினியின் நேரத்தோடு ஒப்பிடுவது. இரண்டும் விலகினால், குரல் பின்னாலும் ஆர்டர் முன்னாலும் போய்விடும். உண்மையான ஆர்டரும் பொய்யாகத் தெரியும். அடுத்து, பதிவாகும் போனில் நானே கூப்பிட்டு "சோதனை" என்று சொல்லி, அதைத் திருப்பிப் போட்டுக் கேட்பேன். மாலையில் அன்றைய ஆர்டர்களில் சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிய குரலைத் தேடிக் கேட்பேன். இயந்திரம் ஓடாத நேரம் இருந்தால் அதற்கென்று உள்ள பதிவேட்டில் எழுதி, அந்த நேரத்து ஆர்டர்கள் எல்லாவற்றுக்கும் சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பேன். இதற்காக எனக்கு "டைம் சாரு" என்று பேர் வைத்தவர் ஜப்பார் பாய்.

ஜப்பார் பாய் மஞ்சள், புளி வியாபாரி. கல்வராயன் மலைமேல் கரியாலூர்ப் பக்கத்தில் வாங்கி, கள்ளக்குறிச்சிக் கிடங்கில் சேர்த்து வைப்பார். அவருடைய தொழிலில் விலையை யாரும் வாயால் பேசுவதில்லை. வாங்குபவரும் விற்பவரும் ஒரு துண்டுக்குள் கையை விட்டு, விரல்களைப் பிடித்தே தொகையைச் சொல்லிக்கொள்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். மாட்டுச் சந்தையில் தரகர்கள் செய்வதும் இதுதான். அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு, நாலு வியாபாரிகள் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூடத்தில், போனை எடுத்து உரக்கச் சொல்லுங்கள் என்றால் எப்படிச் சொல்வார்?

"நான் இன்னா விக்கறேன்னு ஊருக்கெல்லாம் தண்டோரா போடச் சொல்றியா சாரு?" என்று கேட்டார்.

அதனால் பழைய காகிதப் பெட்டிகள் அடுக்கியிருந்த சிறு அறைக்குள் ஒரு போன் இணைப்பை இழுத்துக் கொடுத்தேன். பாய் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். இந்தப் பக்கம் ஏழுமலை ஆர்டரைக் கேட்டுக் கணினியில் போடுவார். ஏழுமலை அப்போது எங்கள் டீலர். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியவர். அந்த அறைக்குப் 'பாய் ரூம்' என்று பேர் வந்தது. வேறு வியாபாரிகளும் அதற்கு வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள்.

ஏழுமலையின் அப்பா மாட்டுத் தரகர். அதனால் ஏழுமலைக்கும் விரல் பேச்சு தெரியும். பாய்க்கு அதில் ஒரே குஷி. ஆர்டர் சொல்ல வரும்போதெல்லாம் முதலில் கவுன்ட்டருக்கு மேலாகத் துண்டைப் போட்டு, ஏழுமலையின் கையைப் பிடித்துச் சொல்லிவிடுவார். உள்ளங்கை கவிழ்ந்தால் விற்பனை, நிமிர்ந்தால் வாங்குவது, பிடித்த விரல்கள் எத்தனை லாட், அதாவது சந்தை வகுத்த அளவில் எத்தனை பங்கு, என்பதற்கு. ஏழுமலை சிரித்துக்கொண்டே "சரி பாய், ரூமுக்குப் போங்க" என்பார். பாய் உள்ளே போய் அதையே வாயால் சொல்வார். நான் அதை ஒரு விளையாட்டாகத்தான் பார்த்தேன். விதிக்குக் குரல் கிடைக்கிறது, பாய்க்குத் துண்டு கிடைக்கிறது.

ஒருநாள் சேலம் மெயின் ரோட்டில் பள்ளம் தோண்டியவர்கள் எங்கள் போன் கேபிளை அறுத்துவிட்டார்கள். சந்தைக் கணினி வேறு இணைப்பில் ஓடியது, பதிவாகும் போன்தான் செத்துப்போனது. வாடிக்கையாளர் கையெழுத்திடும் ஆர்டர் சீட்டுக் கட்டைக் கூடத்தில் எடுத்து வைத்துவிட்டு, கேபிளைச் சேர்க்கச் சொல்லி நச்சரிக்க நான் தொலைபேசி அலுவலகம் போனேன். அந்த நேரத்தில் பாய் வந்திருக்கிறார். மலைக்குப் போகும் அவருடைய வண்டி வாசலில் பேருந்தை மறித்து நின்று ஹாரன் வாங்கிக்கொண்டிருந்தது. துண்டைப் போட்டார், ஏழுமலையின் கையைப் பிடித்தார், மூன்று லாட் விற்பனை என்று விரலிலேயே சொன்னார், போய்விட்டார். விரல் பேச்சு தெரியாத எந்த டீலரும் "இன்னா பாய் சொல்றீங்க, எழுதிக் குடுங்க" என்று கேட்டிருப்பார். ஏழுமலைக்கு அது முழுதாகப் புரிந்துவிட்டதுதான் பிரச்சினை. ஆர்டரைச் சந்தைக்கு அனுப்பிய பிறகுதான் கை சீட்டுக் கட்டைத் தேடியிருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் வண்டி இல்லை. பாயின் போன் மலையில் எடுக்காது.

நான் திரும்பி வந்ததும் என்னிடம் ஏழுமலையே சொன்னார். இயந்திரம் ஓடாத நேரப் பதிவேட்டில் 'சீட்டு இல்லை' என்று எழுதித் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பினேன். பாய் இறங்கி வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தோம். புளி வாங்கும் காலம். அவர் இறங்கவே இல்லை. இதற்குள் மஞ்சள் விலை ஏறத் தொடங்கியது.

பாயின் கடைக்கு வங்கிக் கணக்கைப் பார்ப்பவர் அவருடைய மருமகன் ரியாஸ். அந்தக் கடையில் பங்குதாரரும்கூட. விற்ற பிறகு விலை ஏறியதால், நஷ்டத்துக்கு ஈடாகக் கூடுதல் முன்பணம் கட்டச் சொல்லி அவருக்குச் செய்தி போனது. அவர் நேராகக் கிளைக்கு வந்தார்.

"இந்த விற்பனைய யார் சொன்னது? ரெக்கார்டிங் போட்டுக் காட்டுங்க."

அன்றைக்கு இயந்திரம் ஓடவில்லை, பாய் துண்டுக்குள் கையைப் பிடித்துச் சொன்னார் என்று ஏழுமலை உண்மையைச் சொன்னார். ரியாஸ் கூடத்தில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டீங்களா? கையைப் புடிச்சாராம். இன்னா சார், இது கம்ப்யூட்டர் ஆபீஸா, மாட்டுச் சந்தையா?"

மறுநாள் எழுத்தில் புகார் வந்தது. அனுமதி இல்லாமல் செய்த விற்பனை என்று. எங்கள் தொழிலில் அதைவிடக் கெட்ட சொல் கிடையாது. அது நிரூபணமானால் டீலரின் சான்றிதழ் போய்விடும். ஆதாரம் காட்ட வேண்டிய பொறுப்பும் எங்களுடையது.

அன்று சாயங்காலம் ஏழுமலை என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"எங்கப்பாவ சந்தையில எல்லாரும் பொய்யன்னுதான் சார் கூப்புடுவாங்க. தரகருக்கு அது ஒரு பேரு மாதிரி. நான் பரீட்சை எழுதி இங்க வந்ததே அந்தப் பேரு என் புள்ளைங்களுக்கு வரக் கூடாதுன்னுதான்."

 பாட்டிலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

சேலத்திலிருந்து ஜெபராஜ் சார் வந்தார். எங்கள் பகுதிக் கிளைகள் எல்லாவற்றிலும் விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் அதிகாரி. சங்கராபுரம் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. யாராவது கெட்ட செய்தி சொல்ல ஆரம்பித்தால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். முழுதாகக் கேட்டு முடித்த பிறகுதான் எடுத்துப் போட்டுக்கொள்வார். நடுவில் ஒரு 'உம்' கூட வராது. சொல்கிறவன் அந்த அமைதிக்குப் பயந்தே, விட்டுப்போனதையெல்லாம் சொல்லிவிடுவான். முடிந்ததும், "இதுல உங்க கண்ணால பாத்தது எது, கேட்டது எது?" என்று பிரிக்கச் சொல்வார்.

என்னையும் ஏழுமலையையும் தனித்தனியாக அப்படிக் கேட்டார். பிறகு ஏழுமலையைக் கணினியிலிருந்து எழுந்து வேறு வேலை பார்க்கச் சொன்னார். என்னிடம், "கிளம்புங்க, மலைக்குப் போலாம்" என்றார்.

ஏழுமலையும் வருகிறேன் என்றார்.

"நீங்க வேணாம். நீங்க கூட வந்தா, நீங்க சொல்லிக் குடுத்துத்தான் அவர் பேசறாருன்னு ஆயிடும்."

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம். நீர்வீழ்ச்சிக்குப் போகும் வேன்கள் முன்னால் பாட்டுப் போட்டுக்கொண்டு போயின. நான் கொண்டைஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். ஒரு வளைவில் ஜெபராஜ் சார் பேச்சுக் கொடுத்ததால் எண்ணிக்கை விட்டுப்போனது. இறங்கும்போது எண்ணிச் சரி செய்துகொண்டேன். அவர் கேட்டது இதுதான்.

"பாய் இல்லைன்னு சொல்லிட்டா?"

"சொல்ல மாட்டாரு சார்."

"அது உங்க நம்பிக்கை. அவர் இல்லைன்னு சொன்னா நஷ்டம் முழுசும் நம்ம தலையில. அவருக்கு ஒரு செலவும் இல்ல. நாம அதை மனசுல வச்சிக்கினு போவணும்."

கரியாலூரில் ஒரு மரத்தடியில் பாய் புளி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு மலைக்காரர். இருவர் கையும் துண்டுக்குள். எங்களைப் பார்த்துப் பாய் தலையை மட்டும் அசைத்தார். பேரம் முடியும்வரை ஜெபராஜ் சாரும் நின்றுகொண்டே இருந்தார். துண்டு இரண்டு தரம் துள்ளியது, பிறகு அமைதியானது. மலைக்காரர் எழுந்து மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார்.

"வாங்க டைம் சாரு. கடிகாரம் ஏதாவது கெட்டுப்போச்சா?"

ஜெபராஜ் சார் புகாரைப் பற்றி எடுத்ததுமே ஒன்றும் சொல்லவில்லை. மூன்று லாட் என்றோ விற்பனை என்றோ அவர் வாயிலிருந்து வரவில்லை. கேபிள் அறுந்த நாளைச் சொல்லி, "அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க, இன்னா செஞ்சீங்க, உங்க ஞாபகத்துல இருக்கறத சொல்லுங்க பாய்" என்று மட்டும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றிப் புளி மூட்டைமேல் வைத்தார்.

பாய் சொன்னார். வண்டி பேருந்தை மறித்தது, ஓட்டுநர் திட்டியது, ஏழுமலையின் கையில் மூன்று விரலைப் பிடித்தது, உள்ளங்கையைக் கவிழ்த்தது எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு நெஞ்சு லேசானது. பிறகுதான் ஜெபராஜ் சார் புகாரைச் சொன்னார். விலை ஏறியதையும் சொன்னார்.

பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ரியாஸா எழுதிக் குடுத்தான்?"

"ஆமா பாய்."

"விலை ஏறினா ஏறட்டும். கெடங்குல என் மஞ்சளும் ஏறுதில்ல. துண்டுக்குள்ள குடுத்தத இல்லைன்னு சொல்லிட்டு நான் நாளைக்கு இந்த மலைக்கு வர முடியுமா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "அந்தச் சீட்டுக் கட்டு கொண்ணாந்திருக்கியா? குடு. அன்னைக்குத் தேதி போட்டு ஒரு கையெழுத்து போட்டுடறேன். ஏழுமலை கஷ்டம் தீந்துடும்."

சீட்டுக் கட்டு என் பையில்தான் இருந்தது. என் கை பைக்குள் போய்விட்டது.

"வேணாம்" என்றார் ஜெபராஜ் சார்.

"ஏன் சார்? நான்தானே சொன்னேன். பொய்யா?"

"நீங்க சொன்னது நெசம். அன்னைக்குத் தேதி போட்டா சீட்டு பொய்யாயிடும். அப்புறம் நெசத்தைச் சொன்ன ஏழுமலையும் பொய் சொன்னவரா ஆயிடுவாரு. இன்னைக்குத் தேதி போட்டு, அன்னைக்கு நடந்ததை நடந்த மாதிரியே எழுதிக் குடுங்க."

"அத வச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?"

"சீட்டு இல்லாம ஆர்டர் போனது எங்க தப்புன்னு நாங்களே எழுதுவோம்."

பாய் என்னைப் பார்த்தார். "இவரு உன்னவிட ஜாஸ்தியா இருக்காரே சாரு" என்றார். ஆனாலும் எழுதிக் கொடுத்தார். என் பேனாவைத் திருப்பித் தர மறந்துவிட்டார். நானாகக் கேட்டு வாங்கினேன்.

அடுத்த நாள் பாய் இறங்கி வந்தார். ரியாஸையும் கிளைக்கு வரச் சொன்னோம். மாமா எழுதியதைப் படித்துவிட்டு ரியாஸ் காகிதத்தை மேசையில் போட்டார்.

"மாமாவுக்கு ஏழுமலைன்னா பாசம். காப்பாத்தறாரு. கையைப் புடிச்சா எத்தனை லாட், வாங்கறதா விக்கறதான்னு எப்படி சார் தெரியும்?"

ஜெபராஜ் சார் சில வெற்றுக் காகிதத் துண்டுகளை எடுத்து ரியாஸ் முன்னால் நகர்த்தினார்.

"நீங்களே எழுதுங்க தம்பி. உங்க மாமாகிட்ட மட்டும் காட்டுங்க. அவர் கையில சொல்லட்டும். ஏழுமலை எழுதட்டும்."

ரியாஸ் எழுதினார். பாய் பார்த்தார். துண்டு விழுந்தது. ஏழுமலை எழுதிய காகிதத்தை நான் வாங்கி இரண்டையும் அருகருகே வைத்தேன். இரண்டு லாட், வாங்குவது. ஒன்றுதான். அடுத்தது, ஏழு லாட் விற்பனை. அதுவும் சரி. மூன்றாவதும் சரி. ரியாஸுக்கு வேகம் வந்தது. நான்காவது காகிதத்தை அதிக நேரம் மறைத்து வைத்து எழுதினார். பாய் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, துண்டுக்குள் ஏழுமலையின் கையைத் தொட்ட உடனே விட்டுவிட்டார். ஏழுமலை ஒரு நொடி யோசித்து எழுதிக் கொடுத்தார்.

ரியாஸின் காகிதத்தில் 'இன்னைக்கு ஒண்ணும் வேணாம்' என்று இருந்தது. ஏழுமலையின் காகிதத்தில் 'பேரம் இல்லை' என்று இருந்தது.

 ரியாஸ் அந்த இரண்டு காகிதத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எங்களை விட்டுவிட்டு மாமாவைப் பார்த்துப் பேசினார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க கடையில உக்காந்துக்கினு இருக்கேன். இவருக்கு உங்க கை புரியுது. எனக்கு பேங்க் மெசேஜ்தான் வருது. எனக்கு ஏன் மாமா இதச் சொல்லித் தரல?"

பாய் துண்டை மடிக்கப் போனவர் நிறுத்தினார். "நீ கம்ப்யூட்டர் படிச்ச புள்ள. இதெல்லாம் உனக்குக் கேவலமா இருக்கும்னு நெனச்சேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "கையக் குடு" என்றார்.

ரியாஸ் எங்கள் எல்லார் முன்னாலும் கூச்சத்தோடு கையை நீட்டினார். துண்டு இரண்டு கைமேலும் விழுந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அது எங்கள் பதிவுக்கு உட்பட்டதும் அல்ல.

புகாரை ரியாஸ் திரும்பப் பெற்றார். நான் அத்தோடு முடிந்தது என்று கோப்பைக் கட்டப் போனேன். ஜெபராஜ் சார் விடவில்லை. "ஆர்டருக்கு முன்னாடி ஆதாரம் இல்ல. அது அப்படியேதான் நிக்குது" என்றார். நடந்தது, நடந்த சோதனை, பாயின் கடிதம், பதிவேட்டில் நான் முன்பே எழுதிய வரி எல்லாவற்றையும் இணைத்து அறிக்கை போனது. கிளைக்கு அபராதம் வந்தது. ஏழுமலைக்கு எச்சரிக்கையும் சில நாள் கணினியில் உட்காரத் தடையும் வந்தன. ஆனால் 'அனுமதி இல்லாமல் செய்த விற்பனை' என்ற அந்தக் கெட்ட சொல்லை அவர் மேல் யாரும் எழுதவில்லை. தடை உத்தரவை வாங்கிப் படித்துவிட்டு, "இவ்ளோதானா சார்?" என்று கேட்டார். பக்கத்துக் கடைக்குப் போய் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார். தண்டனை வாங்கியவர் டீ வாங்கிக் கொடுத்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

தடை முடிந்த அடுத்த வாரத்தில் ஒரு மாலை, வழக்கம் போலக் கண்ணை மூடி ஆர்டர்களைப் பொறுக்கினேன். ஒன்று பாய் கடையுடையது. குரலைத் தேடிப் போட்டேன். பாய் ரூமிலிருந்து வந்த அழைப்பு. முதலில் ஒரு சத்தமும் இல்லை. இயந்திரம் கெட்டுவிட்டதோ என்று பதறி ஒலியைக் கூட்டினேன். துணி உரசும் சத்தம் கேட்டது. பிறகு பாயின் குரல், போனுக்கு எட்டத்தில் இருந்து.

"அதில்ல. இன்னொரு தபா புடி."

மீண்டும் சத்தமில்லை. பிறகு ரியாஸ் போனில் தெளிவாகச் சொன்னார். எந்த மாதம், எத்தனை லாட், விற்பனை. ஏழுமலை திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டார். குரல் ஆர்டருக்கு முன்னால். நேரம் சரி. அந்த மௌனத்தை எழுத என் படிவத்தில் கட்டம் எதுவும் இல்லாததால் 'சரி' என்று மட்டும் குறியிட்டேன். அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை அந்தக் கடையின் எல்லா ஆர்டர்களும் அப்படித்தான் வந்தன. நாளாக ஆக முதலில் வரும் மௌனம் குறைந்துகொண்டே போனது.

இதையெல்லாம் எழுதிவிட்டு ஏழுமலைக்குப் போன் செய்தேன். அழித்துவிடலாம் என்று சொன்னேன். காலம் முடிந்துவிட்டது, புகார் இல்லை, யாரும் கேட்கவில்லை, அனுமதியும் வந்துவிட்டது.

"பாய் ரூம் பேச்சு மட்டும் ஒரு காப்பி எடுத்து வைக்கட்டுமா சார்? உங்களுக்காக."

"கூடாது. வாடிக்கையாளர் குரல். விதி சொன்ன காலம் வரைக்கும் வச்சிருந்தோம். காலம் முடிஞ்சா அழிக்கணும், அதுவும் விதிதான். அழிச்சதுக்கு ஒரு சான்று வாங்கிக் கோப்புல வை. தேதி?"

"அழிக்கற அன்னைக்குத் தேதிதான் சார் போடுவேன்" என்றார் ஏழுமலை.